தவணை இதழ்களும் மேசைப் போர்ச் சிற்றுருவங்களும்

தவணை இதழ் என்பது ஒரு நூலையோ தொகுப்பையோ ஒரே முறையில் விற்காமல், வாரத்துக்கு ஒன்றாகவோ இரு வாரத்துக்கு ஒன்றாகவோ சிறு பகுதிகளாக வெளியிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிறைவு செய்யும் வெளியீட்டு முறை ஆகும். வழக்கமான வார இதழுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. தவணை இதழுக்கு உண்டு. 80ஆம் இதழிலோ 91ஆம் இதழிலோ அது முடிந்துவிடும். அதுவரை தவறாமல் வாங்குபவரிடம் ஒரு முழுத் தொகுப்பு சேர்ந்திருக்கும். இடையில் விட்டவரிடம் பாதிக் கப்பலோ, சக்கரமில்லாத ரயில் இயந்திரமோதான் மிஞ்சும்.

இம்முறையில் வந்த பொருள்கள் பல. நாணயம், கனிமக்கல், பொம்மை வீட்டுச் சாமான், கார் மாதிரி எனப் பட்டியல் நீளும். அவற்றுள் தனி இடம் பெற்றவை மேசைப் போர் விளையாட்டுக்கான சிற்றுருவங்கள். கப்பல் மாதிரியைக் கட்டி முடித்தால் அலமாரியில் வைக்கலாம், அவ்வளவே. சிற்றுருவங்களை ஒட்டி, வண்ணம் பூசி, அவற்றைக் கொண்டு விளையாடவும் வேண்டும். எனவே ஒவ்வொரு இதழும் பொருளோடு ஒரு பாடத்தையும் கொண்டு வந்தது. 2002இல் பிரிட்டனில் தொடங்கிய 'பேட்டில் கேம்ஸ் இன் மிடில் எர்த்' இவ்வகையில் பெரிய அளவில் வெற்றி பெற்ற முயற்சி. 2018 முதல் வந்த 'கான்குவெஸ்ட்', 'மார்ட்டல் ரெல்ம்ஸ்', 'இம்பீரியம்' ஆகியவை அதன் வழிவந்தவை.

தவணை முறையின் பழமை

நூலைத் துண்டு துண்டாக விற்பது புதிய உத்தி அன்று. எடின்பரோ நகரில் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் முதற்பதிப்பு 1768 முதல் 1771 வரை 100 பகுதிகளாக வெளிவந்து, பின்னர் மூன்று தொகுதிகளாகக் கட்டப்பட்டது. சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலை 1836-37இல் மாதம் ஒரு ஷில்லிங் விலையில் தவணைகளாக வெளியிட்டார். முழு நாவலின் விலையை ஒரே தடவையில் தர இயலாத குடும்பங்கள்கூட மாதம் ஒரு ஷில்லிங்கை எடுத்து வைக்க முடிந்தது. தவணை இதழின் அடிப்படைக் கணக்கு இன்றுவரை இதுதான். மொத்தத்தில் கூடுதலாகச் செலவானாலும் ஒவ்வொரு முறையும் கொடுப்பது சிறு தொகை.

இருபதாம் நூற்றாண்டில் இம்முறையைத் தொழிலாகவே வளர்த்தவர்கள் இத்தாலியர்கள். ஜியோவானி டி அகோஸ்தினி என்ற புவியியலாளர் 1901இல் ரோமில் நிலப்பட நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் நொவாரா நகருக்கு மாறியது. அந்நிறுவனம் 1959இல் 'இல் மிலியோனே' என்ற உலக நாடுகளின் களஞ்சியத்தைத் தவணைகளாக வெளியிட்டது. மிலான் நகரின் ஃபாப்ரி சகோதரர்கள் அதற்குச் சற்று முன்னரே, 1958இல், 'கொனோஷேரே' என்ற சிறுவர் களஞ்சியத்தை இவ்வாறு விற்கத் தொடங்கியிருந்தனர். போருக்குப் பின் கல்வியும் வருமானமும் உயர்ந்துகொண்டிருந்த நாட்டில் வீட்டுக்கொரு களஞ்சியம் வேண்டும் என்ற ஆசை இருந்தது. புத்தகக் கடைக்குப் போகும் பழக்கம் எல்லாரிடமும் இல்லை. நாளிதழ் விற்கும் பெட்டிக்கடையே களஞ்சியத்தையும் விற்றது.

பிரிட்டனில் பர்னெல் நிறுவனம் 1966இல் இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை வார இதழாக வெளியிட்டது. போரில் பங்கேற்றவர்கள் நாற்பது ஐம்பது வயதில் இருந்த காலம் அது. அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து படித்தனர். அப்போது இதழோடு பொருள் எதுவும் வரவில்லை. தாள் மட்டுமே. பிற்காலத்தில்தான் அட்டையோடு ஒரு பொருளை ஒட்டி, பிளாஸ்டிக் உறையிட்டுத் தரும் வழக்கம் பரவியது. அதன்பின் பொருளுக்குத் துணையாகத்தான் தாள் என்றாகிவிட்டது.

காரீய வீரர்கள்

மேசைப் போர் விளையாட்டின் வேர் சதுரங்கம். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்திய இந்திய விளையாட்டு பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரின் ஹெல்விக் என்ற ஆசிரியர், சதுரங்கத்தை விரித்து, 1600க்கும் மேற்பட்ட கட்டங்களில் காடு, ஆறு, மேடு எல்லாம் வண்ணத்தால் குறிக்கப்பட்ட ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812இல் கட்டங்களை விட்டு, நிலத்தோற்றம் அமைந்த மேசை ஒன்றை அரசருக்கு அளித்தார். அவர் மகன் 1824இல் அதை நிலப்படத்தின்மீது ஆடும் விளையாட்டாக மாற்றினார். சண்டையின் விளைவைப் பகடை முடிவு செய்தது. நடுவர் ஒருவர் மேற்பார்த்தார். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற அந்த விளையாட்டைப் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றது. இன்று சிறுவர்கள் உருட்டும் பகடைக்கு இப்படி ஒரு பாடசாலைப் பின்னணி உண்டு.

பொம்மை வீரர்களின் வரலாறு வேறு வழியில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நியூரம்பெர்க் நகரின் தகரக் கொல்லர்கள் தட்டையான ஈய உருவங்களை வார்த்தனர். பின்னர் முழு உருவங்கள் வந்தன. அவை கனமானவை, விலையும் அதிகம். 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. உருகிய காரீயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் எஞ்சியதை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உலோகம் மிச்சமாகும், எடை குறையும், விலை குறையும். ஜெர்மன் பொம்மைகளின் ஆதிக்கத்தைப் பிரிட்டன் நிறுவனம் உடைத்தது இந்த ஒரு சிக்கனத்தால்தான்.

அந்த 54 மில்லிமீட்டர் வீரர்களைக் கொண்டு எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் வீட்டுத் தரையில் ஆடிய விளையாட்டின் விதிகள் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாயின. சுருள்வில்லால் மரக்குச்சியை எய்யும் பொம்மைப் பீரங்கி அதில் முக்கியக் கருவி. எது விழுந்ததோ அது செத்தது. வெல்ஸ் போரை வெறுத்தவர். உண்மைப் போரை விரும்பும் தளபதிகளை இந்த விளையாட்டோடு ஓர் அறையில் அடைத்துவிடலாம் என்னும் பொருள்பட நூலின் இறுதியில் எழுதினார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

அஞ்சலில் வளர்ந்த பொழுதுபோக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்விளையாட்டை உயிரோடு வைத்திருந்தவை சந்தா இதழ்கள். கலிபோர்னியாவின் விசேலியா ஊரில் உருவங்களை வார்த்து விற்ற ஜாக் ஸ்க்ரூபி, 1957இல் 'வார் கேம் டைஜெஸ்ட்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். இங்கிலாந்தின் சவுதாம்டனில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் 'வார் கேம்ஸ்' என்ற நூலை எழுதினார். 'வார்கேமர்ஸ் நியூஸ்லெட்டர்' என்ற இதழையும் நடத்தினார். ஒரு நகரில் ஒருவர், அடுத்த மாவட்டத்தில் இருவர் என்று சிதறிக் கிடந்த ஆர்வலர்களுக்கு இந்த இதழ்களே சங்கம். உருவம் எங்கே கிடைக்கும், நெப்போலியன் காலக் காவற்படைச் சட்டையின் நிறம் என்ன, குதிரைப்படை ஒரு முறையில் எத்தனை அங்குலம் நகரலாம் என்பதெல்லாம் அஞ்சலில் பேசி முடிவாயின.

அதே காலத்தில் பிளாஸ்டிக் வந்தது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வீரர்களை ஒரே பெட்டியில் மலிவாக விற்றது. பள்ளிச் சிறுவன் தன் கைச்செலவுக் காசில் ஒரு படைப்பிரிவையே வாங்க முடிந்தது இதனால்தான். பிரிட்டன் நிறுவனம் 1966இல் காரீய வீரர்களின் உற்பத்தியை நிறுத்தியது. பொம்மையில் காரீயம் நஞ்சு என்பது அதற்குள் சட்டத்துக்கு எட்டியிருந்தது.

கேம்ஸ் வொர்க்ஷாப்

1975இல் இயன் லிவிங்ஸ்டோன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் ஆகிய மூன்று நண்பர்கள் லண்டனில் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தைத் தொடங்கினர். மரப்பலகை விளையாட்டுகளைச் செய்து விற்ற இவர்கள் 1977இல் 'ஒயிட் டுவார்ஃப்' இதழை வெளியிட்டனர். சிற்றுருவங்களுக்கென்று சிட்டாடல் நிறுவனம் 1970களின் இறுதியில் பிரயன் ஆன்செலுடன் சேர்ந்து உருவானது. 1983இல் 'வார்ஹாமர்' வந்தது. அது கற்பனை உலகப் போர். பூதம், எல்ஃப், குள்ளர் எல்லாம் உண்டு. 1987இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய 'வார்ஹாமர் 40,000' அதையே தொலை எதிர்காலத்துக்குக் கொண்டுசென்றது. அவ்வாண்டு வந்த 30 பிளாஸ்டிக் ஸ்பேஸ் மரீன் வீரர்கள் அடங்கிய பெட்டி, உலோகத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு நிறுவனம் நகர்ந்த பாதையில் ஒரு மைல்கல்.

பிளாஸ்டிக் வார்ப்பின் பொருளாதாரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் தவணை இதழ் ஏன் சாத்தியமாயிற்று என்பதும் புரியாது. உலோக உருவத்துக்கு ரப்பர் அச்சு போதும். அச்சு மலிவு, ஆனால் ஒவ்வொரு உருவத்திலும் உலோகச் செலவும் உழைப்பும் உண்டு. பிளாஸ்டிக் உருவத்துக்கு எஃகு அச்சு வேண்டும். அதைச் செதுக்க ஆகும் செலவு மிகப் பெரிது. ஆனால் அச்சு தயாரானபின் இயந்திரம் தள்ளும் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆகும் செலவு சில காசுகளே. எனவே எத்தனை லட்சம் சட்டம் அடிக்கிறோமோ அத்தனைக்கு லாபம். கடைக்கு வரும் ஆர்வலர்கள் வாங்கித் தீர்க்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. நாடெங்கும் உள்ள செய்தித்தாள் கடைகளின் வழியே விற்க முடிந்தால் அந்த எல்லை உடையும். அச்சு கேம்ஸ் வொர்க்ஷாப்பிடம் இருந்தது. கடைகளுக்கான வழி டி அகோஸ்தினியிடம் இருந்தது.

மிடில் எர்த் இதழ்

டோல்கீனின் கதையைப் பீட்டர் ஜாக்சன் மூன்று படங்களாக எடுத்தார். அவை 2001, 2002, 2003 ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் வெளியாயின. முதல் படத்தை ஒட்டி கேம்ஸ் வொர்க்ஷாப் அதன் மேசை விளையாட்டை 2001இல் வெளியிட்டது. விதிகளை எழுதியவர் ரிக் பிரீஸ்ட்லி. உருவங்களில் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர்கள் ஆலன் பெரி, மைக்கேல் பெரி என்ற இரட்டையர். வார்ஹாமரின் பருத்த கைகளும் பெரிய தலைகளும் இவற்றில் இல்லை. நடிகர்களின் உடலளவை ஒட்டி, மனித உருவங்கள் ஒல்லியாகவும் இயல்பாகவும் செதுக்கப்பட்டன.

2002இல் டி அகோஸ்தினியின் 'பேட்டில் கேம்ஸ் இன் மிடில் எர்த்' இரு வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் வரத் தொடங்கியது. முதல் இதழோடு மோரியாச் சுரங்கத்துக் கோப்ளின்களும் வண்ணமும் தூரிகையும் வந்தன. தவணை இதழ்களின் பழைய உத்திப்படி முதல் இதழின் விலை மிகக் குறைவு; அடுத்தடுத்து வழக்கமான விலைக்கு ஏறியது. மொத்தம் 91 இதழ்கள் வந்தன. ஐரோப்பாவின் வேறு சில மொழிகளிலும் இது வெளியாயிற்று.

இதழின் அமைப்பைப் பார்த்தால், அதைத் திட்டமிட்டவர்களுக்குக் கற்பித்தல் தெரிந்திருந்தது என்று சொல்லலாம். ஒவ்வொரு இதழிலும் கதை உலகத்தைப் பற்றிய பகுதி, விளையாட்டு விதி, ஆடிப் பார்க்க ஒரு போர்க்களம், வண்ணம் பூசும் பாடம், நிலத்தோற்றம் செய்யும் பாடம் எனப் பகுதிகள் இருந்தன. விதிப் புத்தகத்தை முழுதாகக் கையில் கொடுத்தால் பத்து வயதுச் சிறுவன் மூடி வைத்துவிடுவான். இதழோ, முதலில் நகர்வது எப்படி என்று மட்டும் சொல்லும். பிறகு கைகலப்பு, அதன்பின் வில், பின்னர் மனத்துணிவு இழந்து ஓடுதல், குதிரை, கோட்டை முற்றுகை என்று படிப்படியாகக் கூட்டும். அன்று வந்த உருவத்துக்கு எந்த விதி வேண்டுமோ அந்த விதி அந்த இதழில் இருக்கும். வில்லாளி வராத வாரத்தில் அம்பைப் பற்றிப் பேச்சில்லை.

வண்ணப் பாடமும் அப்படித்தான். முதலில் கறுப்பு அடிப்பூச்சு. அதன்மேல் உலர்ந்த தூரிகையால் உலோக வண்ணத்தை லேசாகத் தேய்த்தால் சங்கிலிக் கவசத்தின் மேடுகள் மட்டும் மின்னும். பிறகு, நீர்த்த கரும்பழுப்பு மையை மேலே ஓடவிட்டால் பள்ளங்களில் தங்கி நிழலாகும். இந்த இரண்டு உத்திகளைக் கற்றவன் எந்த உருவத்தையும் பார்க்கத்தக்கதாக ஆக்கிவிடலாம். நிலத்தோற்றப் பாடத்துக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அட்டைப் பெட்டி, தெர்மாகோல் துண்டு, மரப்பட்டை, மணல், பசை போதும். இடிந்த சுவரும் பாறையும் பாலமும் அவற்றிலிருந்தே உருவாயின. நிறுவனம் விலைக்கு விற்கக்கூடிய ஒன்றைச் சிறுவர்களுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தது வியப்புக்குரியது. இதழின் மிகச் சிறந்த பகுதி அதுவே எனலாம்.

பெரும்பாலான பிளாஸ்டிக் வீரர்கள் ஒரே துண்டாக வந்ததால் ஒட்டுவேலை குறைவு. முக்கியப் பாத்திரங்கள் உலோகத்தில் தனித்தனியாக வந்தன. ஒரு படைத் தலைவனுக்காக இரண்டு வாரம் காத்திருப்பது சிறுவர்களுக்கு நீண்ட காலம். உள்ளூர்ச் செய்தித்தாள் கடையில் முன்கூட்டிப் பெயர் சொல்லி வைத்தால் கடைக்காரர் ஒரு பிரதியை எடுத்து வைப்பார்; அல்லது நேராகப் பதிப்பகத்துக்குச் சந்தா கட்டலாம். கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சொந்தக் கடைகள் இருந்தது நகரங்களில். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது, ரொட்டியும் பாலும் விற்ற அதே கடையில்தான்.

அலை இறங்கியபோது

படங்கள் இருந்தவரை விற்பனை ஏறியது. கேம்ஸ் வொர்க்ஷாப்பின் ஆண்டு விற்பனை 2003-04இல் சுமார் 15 கோடி பவுண்டைத் தொட்டது. மூன்றாம் படம் திரையரங்குகளை விட்டு நீங்கியதும் கதை திரும்பியது. 2006-07இல் விற்பனை ஏறத்தாழ 11 கோடி பவுண்டாகக் குறைந்தது. படத்துக்காக வந்த சிறுவர்கள் படத்தோடு போயினர். அவர்கள் வார்ஹாமருக்கு மாறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பெருமளவு பொய்த்தது. வளர்ச்சி நிலையானது என்று நம்பிக் கடைகளையும் ஆட்களையும் பெருக்கியிருந்த நிறுவனத்துக்கு இது கடும் அடி.

இந்தச் சரிவுக்குத் தவணை இதழைக் குற்றம் சொல்வது பொருந்தாது. இதழ் தன் 91 எண்களையும் முடித்துக் கொடுத்தது. ஆனால் அது ஒன்றைக் காட்டியது. தவணை இதழ் வாசகருக்கு முடிவு உள்ள ஒரு பொருளை விற்கிறது. பொழுதுபோக்கு நிறுவனத்துக்கோ முடிவில்லாத வாடிக்கையாளர் வேண்டும். கடைசி இதழை வாங்கியவர் தன் தொகுப்பு நிறைந்துவிட்டது என்று நினைத்தார். நிறுவனம் அவர் இப்போதுதான் தொடங்குகிறார் என்று நினைத்தது.

கான்குவெஸ்டும் பின்வந்தவையும்

ஏறத்தாழ பத்தாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2018இல், பிரெஞ்சுப் பதிப்பகக் குழுமமான ஆஷெட்டின் தவணை இதழ்ப் பிரிவு 'வார்ஹாமர் 40,000: கான்குவெஸ்ட்' இதழைப் பிரிட்டனில் தொடங்கியது. வாரம் ஒன்று, மொத்தம் 80. ஒரு பக்கம் பிரைமாரிஸ் ஸ்பேஸ் மரீன் படை, எதிர்ப்பக்கம் நோயின் தெய்வத்தை வழிபடும் டெத் கார்ட் படை. உருவங்கள் பல, பசையின்றி அழுத்திப் பொருத்தும் வகை. வண்ணப் புட்டிகள், தூரிகைகள், பகடை, தொழிற்சாலை இடிபாடுகள் போன்ற நிலத்தோற்றத் துண்டுகள் எல்லாம் இடையிடையே வந்தன.

விலைக் கணக்கை மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். முதல் இதழ் 1.99 பவுண்டு, இரண்டாவது 4.99, மூன்றிலிருந்து ஒவ்வொன்றும் 7.99. எஞ்சிய 78 இதழ்களுக்கு 623.22 பவுண்டு, மொத்தம் 630.20 பவுண்டு. ஒரே தடவையில் 630 பவுண்டு கேட்டால் எந்தப் பெற்றோரும் பின்வாங்குவர். வாரம் எட்டு பவுண்டு என்றால் யோசிப்பர். ஆயினும் இது ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. அதே உருவங்களையும் வண்ணங்களையும் கடையில் தனித்தனியே வாங்கினால் ஆகும் தொகை இதைவிடக் கூடுதல். தவணை இதழ்களில் இது அரிது. பல தலைப்புகளில் மொத்த விலை பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும்.

இந்த மலிவே எதிர்பாராத ஒன்றுக்கு வழிசெய்தது. புதியவர்களுக்காக நடத்தப்பட்ட இதழைப் பழைய ஆட்டக்காரர்கள் மொத்தமாக வாங்கத் தொடங்கினர். எந்த இதழில் எந்த உருவம் வருகிறது என்ற பட்டியல் அவர்களிடம் இருந்தது. நல்ல உருவம் வரும் வாரத்தில் ஒருவரே ஐந்து பிரதி, பத்துப் பிரதி எடுத்துச் சென்றார். உறையைக் கிழித்துப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு தாளைப் பழைய காகிதத்தில் போட்டனர். அதே வாரம் கடைக்கு வந்த சிறுவனுக்கு இதழ் இல்லை. ஓர் எண் தவறினால் தொகுப்பில் ஓட்டை விழும் முறையில் இது சிறிய குறை அன்று. சந்தா கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நான்கு இதழ்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தன. ஆனால் அங்கே வாராந்தரக் காத்திருப்பு போய்விட்டது. ஒரு மாதத்து வேலை ஒரே பெட்டியில் வந்து இறங்க, முடிக்காத உருவங்கள் மேசைமேல் குவிந்தன.

2019இல் வந்த 'மார்ட்டல் ரெல்ம்ஸ்' பழைய வார்ஹாமருக்கு மாற்றாக 2015இல் தோன்றிய 'ஏஜ் ஆஃப் சிக்மார்' விளையாட்டுக்கானது; ஸ்டார்ம்காஸ்ட் வீரர்களும் நைட்ஹாண்ட் பேய்ப்படையும் அதில் மோதினர். 2021இல் 'இம்பீரியம்' வந்தது. அதில் ஸ்பேஸ் மரீன், நெக்ரான் ஆகியவற்றோடு வேறு படைகளும் சேர்ந்தன. 80 இதழ்கள் என்று அறிவிக்கப்பட்டு 90ஆக நீட்டப்பட்டது. 2023இல் 'ஸ்டார்ம்பிரிங்கர்' தொடங்கியது.

விதி மாறும் வேகம் இவற்றுக்குப் பெரும் இடையூறு. சதுரங்கத்தின் விதி நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. வார்ஹாமர் 40,000 விளையாட்டின் 8ஆம் பதிப்பு 2017இல், 9ஆம் பதிப்பு 2020இல், 10ஆம் பதிப்பு 2023இல் வந்தன. ஒரு தவணை இதழ் முடிய ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். கான்குவெஸ்ட் முடிந்த 2020ஆம் ஆண்டிலேயே, அது பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த விதிகள் பழையன ஆயின. உருவங்கள் செல்லும், பாடம் செல்லாது. மிடில் எர்த் இதழை வைத்திருப்பவர்கள் இன்றும் அதைத் திறந்து ஒரு போரை ஆடிப் பார்ப்பது போல, கான்குவெஸ்ட் இதழ்களைத் திறந்து ஆடுபவர்களைக் காண்பது கடினம்.

நின்றுபோகும் தொகுப்புகள்

தவணை இதழ் வாங்குபவர் உண்மையில் ஒரு நம்பிக்கையை வாங்குகிறார். வாசகர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்; பதிப்பாளரும் நிறுத்தலாம். பதிப்பாளர்கள் புதிய தலைப்பை முதலில் ஒரு சிறு வட்டாரத்தில் மட்டும் விற்றுப் பார்ப்பது வழக்கம். அங்கே எடுபடாவிட்டால் சில இதழ்களோடு நிறுத்திவிடுவர். அந்த வட்டாரத்தில் வாங்கியவர்களிடம் நாலைந்து இதழ்கள் மட்டும் மிஞ்சும். நாடு முழுதும் வந்தபின்னும், முதல் சில இதழ்களுக்குப் பிறகு வாங்குவோர் எண்ணிக்கை வேகமாகக் குறைவது எல்லாத் தலைப்புக்கும் பொது. புத்தாண்டை ஒட்டி ஜனவரியிலும், பள்ளி திறக்கும் செப்டம்பரிலும் விளம்பரங்கள் குவிவதற்குக் காரணம் உண்டு. புதிதாக ஏதேனும் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் மிகுந்திருக்கும் மாதங்கள் அவை.

நிறுவனமே வீழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. 1975 முதல் தவணை இதழ்கள் வெளியிட்டுவந்த பிரிட்டனின் ஈகிள்மாஸ் நிறுவனம் அவ்வாண்டு நொடித்துப்போனது. ஸ்டார் டிரெக் விண்கலத்தின் பெரிய மாதிரியை மாதந்தோறும் பணம் கட்டிக் கட்டிவந்தவர்கள் அரைக் கலத்தோடு நின்றனர். அத்தலைப்பைப் பின்னர் டி அகோஸ்தினியின் ஃபேன்ஹோம் எடுத்துத் தொடர்ந்தது. எல்லாத் தலைப்புகளுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

போர்ச் சிற்றுருவத் தொகுப்புக்கு இவ்வகையில் ஓர் அனுகூலம் உண்டு. அரைக் கப்பலுக்குப் பயனில்லை. அரைப் படைக்குப் பயன் உண்டு. பத்துக் கோப்ளின்களும் நான்கு வீரர்களும் இருந்தால் ஒரு சிறு சண்டை ஆடலாம். 20ஆம் இதழில் நிறுத்தியவரிடமும் முழுமையான ஏதோ ஒன்று இருக்கிறது. மிடில் எர்த் இதழ் ஒவ்வோர் எண்ணிலும் ஆடத்தக்க ஒரு போர்க்களத்தைத் தந்ததால், எங்கே நிறுத்தினாலும் அதுவரை வந்தவற்றைக் கொண்டு ஆட முடிந்தது.

இன்றைய நிலை

மிடில் எர்த் விளையாட்டு சரிவுக்குப் பின்னும் அழியவில்லை. 'தி ஹாபிட்' படங்களோடு மீண்டும் தலையெடுத்து, 2018இல் 'மிடில் எர்த் ஸ்ட்ராடெஜி பேட்டில் கேம்' என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. அதை இப்போது ஆடுபவர்களில் பலர் 2002இல் செய்தித்தாள் கடையில் முதல் இதழை வாங்கிய சிறுவர்கள். முப்பது வயதைக் கடந்தவர்கள். இதழ்களின் தாள்ப் பகுதி பெரும்பாலும் குப்பைக்குப் போய்விட்டதால், 91 எண்களும் அடங்கிய முழு வரிசை கிடைப்பது அரிது. உருவங்கள் மட்டும் பழைய பொருள் சந்தையில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வருகின்றன. அவற்றில் வண்ணம் தடிமனாக அப்பியிருக்கும், முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய வெள்ளைப் புள்ளி இருக்கும். வாங்குபவர்கள் அவற்றை இரவு முழுதும் கரைசலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, பழைய வண்ணத்தை நீக்கிவிட்டுக் கறுப்பு அடிப்பூச்சிலிருந்து மறுபடி தொடங்குகின்றனர்.